தன்னார்வப் பணிக்கு ஒரு வருடம் ஒதுக்க நினைக்கிறேன்: உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எப்படித் தேடுவது?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வயது 24. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. கல்யாணம், கடன் என்று பொறுப்புகள் வருவதற்குள் ஒரு வருடம் சம்பளத்தை எதிர்பார்க்காமல் நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும். கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்த காலத்திலிருந்தே இந்த ஆசை உண்டு.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை வெளிநாட்டு விளம்பரங்கள்தான். ஒன்றுக்கு விண்ணப்பித்தேன், மறுநாளே போன் வந்தது. கம்போடியாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரம் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டுமாம். கட்டணம் 1,80,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. முன் அனுபவம் எதுவும் வேண்டாம், முடிவில் சான்றிதழ் தருவார்களாம். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள்.

இந்தத் தொகை நியாயமானதா? பணம் கட்டாமல் வெளிநாடு போக வழி இருக்கிறதா? உள்ளூரில் என்றால் யாரைப் போய்க் கேட்பது? அப்பா "சம்பளம் இல்லாமல் ஒரு வருடமா?" என்கிறார். அவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வாளையார் எழுதியது:

தம்பி, முன்பணம் கட்டாதீர்கள். தொகை நியாயமா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் அந்த இல்லத்தைப் பற்றி யோசியுங்கள்.

கம்போடியாவில் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. நேபாளத்திலும் இதே கதைதான். வெளிநாட்டிலிருந்து காசோடு ஆட்கள் வர வர, காட்டுவதற்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். ஏழைக் குடும்பங்களிடம் "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறார்கள். 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, காப்பகங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதன் ஒரு வடிவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த அளவுக்கு முற்றிப்போன விஷயம் இது.

எல்லா இல்லமும் அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் பற்றி ஒன்றுமே விசாரிக்காமல், காவல்துறைச் சான்று கேட்காமல், குழந்தைகளோடு நான்கு வாரம் இருக்க விடுகிறார்கள் என்றால், வேறு யாரையெல்லாம் அப்படி விட்டிருப்பார்கள்? மாதம் ஒரு புது அண்ணன், புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போய்விடுகிறார்கள். பழகியவர்கள் எல்லோரும் விட்டுப்போவதுதான் அந்தக் குழந்தைகளுக்கு மிஞ்சுகிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

பொருநைக்கரை எழுதியது:

நன்றி அண்ணா. இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பணம் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை. அப்படியென்றால் ஒரு அமைப்பு நம்பகமானதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

வாளையார் எழுதியது:

இந்தியாவுக்குள் என்றால் நிதி ஆயோக் தொண்டு நிறுவனங்களுக்காக நடத்தும் தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவு இருக்கிறதா, ஆண்டறிக்கையையும் தணிக்கைக் கணக்கையும் வெளியில் வைக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம். இதெல்லாம் காகிதம். காகிதத்தைத் தாண்டி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் உண்மையான வேலை இருக்கும். "உங்களுக்கு எந்தத் தேதி வசதி?" என்று மட்டும் கேட்கும் இடத்தில் வாடிக்கையாளர் நீங்கள்தான்.

நான் இருப்பது பாலக்காட்டுப் பக்கம். வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக் குழு ஒன்றில் வாரம் ஒரு நாள் போகிறேன். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் சிலர் தொடங்கியது, பிறகு ஊர்க்காரர்களே எடுத்து நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், முதுகெலும்பு அடிபட்டவர்கள் இவர்களின் வீடுகளுக்கு நர்ஸோடு போக வேண்டும். நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து பார்ப்பார். நான் நோயாளியின் மனைவியிடம் உட்கார்ந்து பேசுவேன். ரேஷனில் அரிசி வந்ததா, பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்டியாயிற்றா, ராத்திரி தூங்கினாயா அம்மா... இவ்வளவுதான். ஆனால் இதைப் பேச ஆள் வராத வீடுகள் எத்தனையோ.

சேருவதற்கு முன் பயிற்சி உண்டு. என்ன சொல்லக் கூடாது என்பதுதான் பயிற்சியில் பாதி. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சாகக் கிடப்பவரிடம் சொல்லக் கூடாது என்று அங்கேதான் கற்றேன். தமிழ்நாட்டிலும் பல மாவட்டங்களில் இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையின் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் விசாரியுங்கள்.

ரைன்_நதி எழுதியது:

வெளிநாட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வ வருடம் முடித்தவன் நான்.

இங்கே பண்டஸ்பிரைவிலிகென்டீன்ஸ்ட் என்று ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது, சுருக்கமாக பி.எஃப்.டி. 2011இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திவைத்தார்கள். ராணுவத்துக்குப் போவதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர்களும் அதோடு நின்றுபோனார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் இது வந்தது. ஆறு மாதம் முதல் 18 மாதம் வரை இருக்கலாம், பெரும்பாலோர் ஒரு வருடம் இருப்பார்கள். கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு. சில இடங்களில் அறையும் சாப்பாடும் தருவார்கள். இந்தியர்களுக்கும் இதற்கென விசா கிடைக்கிறது. ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் முடியாது. மொழித் தேர்வில் ஏ2 நிலையாவது கேட்பார்கள், பல இடங்களில் அதற்கு அடுத்த பி1 நிலை. மறதிநோய் வந்த பாட்டி ஒருவர் நடுராத்திரி பயந்துபோய் ஏதோ கேட்கிறார், அது உங்களுக்குப் புரியவில்லை என்றால் அங்கே உங்களால் என்ன பயன்?

இதற்கும் ஊரில் ஏஜென்ட்டுகள் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். கொடுக்காதீர்கள். இல்லங்களும் தொண்டு அமைப்புகளும் காலியிடங்களைத் தங்கள் தளத்திலேயே போடுகின்றன, நேராக எழுதலாம். நான் அப்படித்தான் எழுதினேன். மொழி வகுப்பு, தேர்வுக் கட்டணம், விசா, டிக்கெட் இவைதான் உண்மையான செலவுகள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு முழு நேர வேலை, கைச்செலவுப் பணத்தில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. "ஜெர்மனியில் வேலை" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தால் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுங்கள்.

இரண்டாவது வழி, ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970இல் பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் இப்போது இங்கே பான் நகரில். இவர்கள் எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. வாழ்க்கைப்படி, பயணம், காப்பீடு அவர்கள் பொறுப்பு. இளைஞர் பிரிவு 18 முதல் 26 வயது வரை. உங்கள் வயதுக்குப் பொருந்தும், போட்டி அதிகம். இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் இடங்களையும் அதே தளத்தில் போடுகிறார்கள், அவற்றையும் பாருங்கள். வீட்டிலிருந்தே இணையவழியில் செய்யும் பணிகளும் உண்டு. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போகாது, 12 வாரம் வரை இருக்கும். அதில் ஒன்றை முடித்துக் காட்டினால் அடுத்த விண்ணப்பத்துக்கு அது ஒரு பலம்.

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோரும் தூரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். பார்வையில்லாத மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்கிரைபாகப் போவேன். ஒரு பிள்ளை மூன்று வருடம் காதால் கேட்டுக் கேட்டுப் படித்திருக்கும். தேர்வன்று வருகிறேன் என்று சொன்னவர் காலை எட்டரைக்கு போனை எடுக்க மாட்டார். அந்தப் பிள்ளை வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு தேர்வு அறை வாசலில் நிற்கும். இதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதனால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஓடும். தேர்வர் தானே ஆளைக் கூட்டிவந்தால், அவருடைய படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று 2018 வழிகாட்டுதல் சொன்னது. இந்த விதி தேர்வுக்குத் தேர்வு, வருடத்துக்கு வருடம் மாறும். ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் படித்துப் பார்ப்பது அவசியம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். கல்லூரித் தேர்வுகளுக்கு அவர்கள்தான் பெரும்பாலும் தேவைப்படுகிறார்கள்.

வேண்டியது மூன்று: வேகமான கையெழுத்து, சொன்னதை அப்படியே எழுதும் நேர்மை, அப்புறம் வருவேன் என்றால் வருவது. மூன்றாவதுதான் அரிது.

கடலோரம் எழுதியது:

சென்னையில் இருப்பவர்களுக்காக ஒரு தகவல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து கூடுகளைத் தேடுகிறது. முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைப்பார்கள், குஞ்சு வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். கரையில் விட்டுவைத்தால் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் ஏறிவிடும்.

பொதுமக்களும் வார இறுதி நடைகளில் கலந்துகொள்ளலாம். ஆனால் நீங்களாகப் போய் முட்டையைத் தொடக் கூடாது. இந்த ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

எல்லா இரவும் ஆமை வராது. மணலில் மணிக்கணக்கில் நடந்து வெறுங்கையோடு திரும்பும் இரவுகள்தான் அதிகம். அன்றைக்கும் எங்கே நடந்தோம், என்ன பார்த்தோம் என்று எழுதி வைப்போம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அது வழக்கத்துக்கு மாறானது என்று எண்ணிக்கையோடு சொல்ல முடிந்ததற்கு இப்படி வருடக்கணக்கில் நடந்து எழுதியவர்கள் ஒரு முக்கியக் காரணம். இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகிற உயிர் அது. கணக்கு இல்லையென்றால் யாரும் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

ஸ்கார்பரோ_தாய் எழுதியது:

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது டொரொன்டோவில் இருக்கிறம். மகளுக்குப் பதினாறு வயது. ஒன்டாரியோவில் ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்ய வேணும். வருகிற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போறம். அங்கே ஒரு சிறுவர் இல்லத்தில் இரண்டு கிழமை ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று நினைத்திருந்தோம். மேலே எழுதியதை வாசித்த பிறகு யோசனையாக இருக்கு. பிள்ளைக்கு எங்கட ஊரோடும் மொழியோடும் ஒரு பிடிப்பு வர வேணும் என்பதுதான் என்ர விருப்பம். வேறு என்ன செய்யலாம்?

மெய்ப்பர் எழுதியது:

அக்கா, உங்கள் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்றால் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கச் சொல்லுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட ஏராளமான நூல்கள் அங்கே படங்களாக ஏறியிருக்கின்றன. கணினி எழுத்தாக மாற்றியதில் ரகரமும் காலும் குழம்பிக் கிடக்கும், ஒற்று விட்டுப்போயிருக்கும். ஒருவர் பார்த்துத் திருத்தினால் அந்தப் பக்கம் மஞ்சளாகும், இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சையாகும். செய்த ஒவ்வொரு திருத்தமும் கணக்கில் பதிவாகியிருக்கும், பள்ளியில் காட்டலாம். இணையவழி வேலையை ஏற்பார்களா என்று மட்டும் பள்ளி ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் பழைய தமிழ் நூல்களைக் கையால் தட்டச்சு செய்துதான் இணையத்தில் ஏற்றினார்கள். இன்று கூகுளில் ஒரு குறுந்தொகைப் பாட்டைத் தேடியதும் கிடைக்கிறதே, அதற்குப் பின்னால் பெயர் தெரியாத பலருடைய இரவுகள் இருக்கின்றன.

வாளையார் எழுதியது:

சகோதரி, இன்னொரு யோசனை. உங்கள் ஊரிலேயே முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நம் பெரியவர்கள் இருப்பார்கள். மறதிநோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடும், தமிழ் மட்டும் மிஞ்சும் என்று அங்கே நர்ஸாக இருக்கும் என் உறவுக்காரப் பெண் சொல்வாள். பல இல்லங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்க்கின்றன. உங்கள் மகள் வாரம் ஒரு மணி நேரம் போய்ப் பேப்பர் வாசித்துக் காட்டினால் போதும். கதை கேட்டால் அவர்களே சாவகச்சேரியையும் பருத்தித்துறையையும் சொல்லித் தருவார்கள்.

ஸ்கார்பரோ_தாய் எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கட வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு இல்லம் இருக்கு. நாளைக்கே கேட்கிறேன். மிக்க நன்றி.

பாதயாத்திரை எழுதியது:

இந்த இழையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். வெளிநாடு போவதே தவறு என்பது போல் பேச்சு போகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் உலகப்போர் முடிந்ததும் 1920இல் வெர்டன் அருகே இடிந்துபோன ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைக் கட்டியெழுப்ப, சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் சில பேரோடு போனார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள், நேற்றுவரை எதிரிகள். சர்வதேசத் தன்னார்வச் சேவை முகாம்கள் அங்கிருந்துதான் வளர்ந்தன. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு அவரே இந்தியா வந்து வீடு கட்டும் வேலையில் இறங்கினார். அந்நிய மண்ணில் மண்வெட்டி பிடித்தால்தான் உடையும் சில முன்முடிவுகள் மனிதருக்குள் இருக்கின்றன. இன்றும் அவர் தொடங்கிய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் அமைப்பின் இரண்டு மூன்று வார முகாம்கள் பல நாடுகளில் நடக்கின்றன. பதிவுக்குச் சிறு தொகை, தங்குமிடமும் சாப்பாடும் முகாமின் பொறுப்பு. காடு வளர்ப்பு, பாதை சீரமைப்பு, விழா ஏற்பாடு என்று உடல் உழைப்புதான் அதிகம். குழந்தைகளின் மனதோடு விளையாடும் வேலை அல்ல.

வெளிநாட்டவரோடு சேர்ந்து உழைக்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால் விமானமே தேவையில்லை. ஆரோவில் அருகே சாதனா ஃபாரஸ்ட் 2003 முதல் வறண்ட நிலத்தில் நம் மண்ணுக்குரிய காட்டை மீட்டு வருகிறது. பல நாட்டு ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள். அதிகாலையில் எழுந்து குழி தோண்டி, மழைநீர் தேக்க வரப்பு கட்ட வேண்டும். சைவத்திலும் பால்கூட இல்லாத சாப்பாடு.

விசாவில் மட்டும் கவனம் வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும், சாப்பாடும் படுக்கையும் வாங்கிக்கொண்டு பண்ணையில் வேலை செய்வதைப் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம், அதற்கு மேல் தனி விசா வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவை உட்காரவைத்து இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கம்போடியா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஊரிலேயே என்றால் சரி, சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு" என்றார்.

முதல் ஆறு மாதம் திருநெல்வேலியிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஐ.நா. தளத்திலும் பெயர் பதிந்துவிட்டேன், ஜெர்மன் ஏ1 வகுப்பும் விசாரிக்கிறேன். மலைக்கோட்டை அக்காவிடம் ஒரு கேள்வி: நான் பட்டதாரி என்பதால் கல்லூரித் தேர்வுக்கு ஸ்கிரைபாகப் போக முடியாது போலிருக்கிறதே, வேறு விதத்தில் உதவ முடியுமா?

மலைக்கோட்டை எழுதியது:

உங்களைப் போன்ற ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் தம்பி. பார்வையில்லாத பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் கணக்கை விட்டுவிடும்படி ஆகிறது. பிற்பாடு குரூப் 4 எழுத வரும்போது திறனறிவில் 25 கேள்விகள் நிற்கும். தனிவட்டி, சராசரி, விகிதம் எல்லாம் வாயால் சொல்லித்தர வேண்டும். கரும்பலகை உதவாது. "ஏ கூட்டல் பி, மொத்தத்துக்கும் வர்க்கம்" என்று சொல்வதற்கும் "ஏ கூட்டல் பி வர்க்கம்" என்று சொல்வதற்கும் விடையே மாறிவிடும். கணிதம் படித்தவர்தான் அதைக் குழப்பமில்லாமல் வாசித்துக் காட்ட முடியும், பாடத்தைக் குரலில் பதிந்து தரவும் முடியும்.

பாளையங்கோட்டையிலேயே பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரிகளிலும் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். நேரில் போய் முதல்வரைப் பாருங்கள். அடையாள அட்டை நகல், காவல்துறைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்த ரசீது இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். வாரத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு செய்யும்போது ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயரில் பாட எண், தொடக்கத்தில் புத்தகப் பக்க எண் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் ஒலிப்பதிவுகளில் பாதி இந்த மூன்றும் இல்லாமல் வருவதால், பிள்ளைகள் தேடித் தேடி அலுத்துப்போகிறார்கள்.